ஏழாம் நம்பர், அகலம்

பதினொரு வருசம்,
ஒரு நாளைக்கு ஒன்பது மணித்தியாலம்
மாபிளில் வெறுங்காலோடு நிற்கிறேன்.
எங்கள் புடைவைக்கடையில்
செருப்பு வாசலோடு சரி.
உள்ளே இலட்சுமி நிற்கிறாவாம்.
அவவுக்குத் தாமரை இருக்கு.

விடிய எழும்பி முதல் அடி வைக்க
குதிக்குள் ஆணி.
பத்து அடி நடந்தால் மழுங்கும்,
பின்னேரம் திரும்பவும் கூராகும்.
பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்
படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர்
"வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடுங்கோ" என்றார்.
"குசினிக்குள்ளயுமோ?"
அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

அதுதான் இன்றைக்கு
மானிப்பாய் பஸ்ஸை ஒன்று போகவிட்டு
பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக்கடையில்,
சிவப்புப் பிளாஸ்ரிக் ஸ்டூலில்
இருக்கிறேன்.
இந்தச் சொல்லை
விடியத்தொட்டு இப்போதுதான் பாவிக்கிறேன்.

கல்லுப் பதித்தது வந்தது.
தங்கநிறம் வந்தது.
பெருவிரலுக்கு வளையம் வைத்தது வந்து
என் மொளியில் இடறித் திரும்பிப் போனது.
வலது காலில் அந்த எலும்பு
பக்கத்து வளவுக்குள் தள்ளிக் கட்டிய மதில்போல.
இடது கால் வேறு அரை நம்பர் பெரிது.
சோடி என்று பேர்தான்.

டிலக்சனா என்று சட்டையில் எழுதியிருந்த பிள்ளை
முழங்காலில் நின்று பட்டியைப் பூட்ட
நான் காலை இழுத்துக்கொண்டேன்.
எத்தனை மணவறைக்கு எத்தனை கூறை
விரித்துக் காட்டியிருப்பேன்!
என் குதி வெடிப்பை
இன்னொருத்தி இவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை.

"காலை விடுங்கோ அக்கா.
பின்னேரம் வந்தது நல்லது.
விடிய எல்லாக் காலும் பொய் சொல்லும்."

கறுப்பு ஒன்று, மெல்லிய குதி, வடிவு.
"இது அறாதோ?" என்றேன்.
"நம்பி எடுங்கோ அக்கா."

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
நாளுக்கு நாற்பது தரம்
என் தொண்டையிலிருந்துதான் அது வெளிக்கிடும்:
சாயம் போகாது, நம்பி எடுங்கோ.
தோய்க்கத் தோய்க்க மினுங்கும், நம்பி எடுங்கோ.

நான் ஒன்றும் சொல்லவில்லை,
அவளைப் பார்த்தேன்.
அவள் காசு மேசைப் பக்கம் ஒருக்கால் பார்த்தாள்.
பிறகு ஏணியில் ஏறி
மேல்தட்டில் தூசி பிடித்த பெட்டி ஒன்றை இறக்கினாள்.

பிரவுண். தடிப்பு.
பள்ளிக்கூடப் பியோன் போடுகிற மாதிரி.
பெருவிரலால் அடியை அமத்திக் காட்டினாள்;
அமிழ்ந்து திரும்பி வந்தது.
இரண்டு கையாலும் மடித்துக் காட்டினாள்.
"முன்னுக்கு மடியவேணும்.
நடுவில மடிஞ்சா அது செருப்பில்லை, றொட்டி.
பட்டி ஒட்டிக் கழட்டுறது,
வீங்கினா இளக்கலாம்.
ரெண்டு வருசமாக் கிடக்கு அக்கா,
வடிவில்லை எண்டு ஒருத்தரும் எடுக்கேல்லை."

எழும்பி நின்றேன்.
நோ போகவில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு
அடுத்த அறைக்குள் போய்க் கதைக்கிற மாதிரி இருந்தது.
மொளிக்கு இடம் இருந்தது.
விரல்கள் ஐந்தும் தனித்தனியாக
தாங்கள் இருப்பதைச் சொல்லின.

நாலாயிரத்து எழுநூற்றைம்பது.
எண்ணிக் கொடுக்கும்போதுதான் கண்டேன்:
அவள் போட்டிருந்தது குளியலறைச் செருப்பு,
வார் கழன்ற இடத்தில் ஊசி குத்தியிருந்தது.
கேட்க வாய் எடுத்தேன்.
முதலாளி மிச்சக் காசோடு வந்துவிட்டார்.

நாளைக்கு எட்டரைக்கு
கடை வாசலில் இதைக் கழற்றவேணும்.
இரவு குசினிக்குள் போடலாம்;
அடுப்படியில் எனக்கு மேலால்
ஒரு முதலாளியும் இல்லை,
பழக்கம் மட்டும்தான்.

வெளிக்கிடும்போது அவள் காதுக்குக் கிட்டப் போய்,
"தீபாவளிக்கு எங்கட கடைக்கு வாரும்.
பவளம் எண்டு கேளும்.
எந்தப் பச்சை சாயம் விடும் எண்டு
உமக்கு மட்டும் சொல்லுவன்" என்றேன்.

சிரித்தாள்.
அடுத்த பஸ்ஸுக்கு ஓடவில்லை.
ஓடாமலே பிடித்தேன்.